மலைப்பாதையில் விரைந்தவர் எவர்?

நுவரெலியா நகரை அடுத்து மாகஸ்தோட்டை என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. 1934 ஆம் ஆண்டில் அத்தோட்டத்து வளைவுப் பாதையிலே மோட்டார் வண்டிகள் ஒவ்வொன்றாக மேலேறின. ஏறிமுடிக்க எடுத்த நேரமே வெற்றியை முடிவுசெய்தது. இலங்கையின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயம் எனப் பெயர் பெற்ற மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் அவ்வாறு தோன்றியதாகும். இடையிடையே தடைப்பட்ட போதிலும், சித்திரை மாத வசந்தகாலக் கொண்டாட்டங்களையொட்டி நடைபெறும் வழக்கம் அதற்கு உண்டு. அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்குச் செல்வோர் அறிந்த ரதல்லையிலும் இவ்வகைப் பந்தயம் நடைபெற்றுள்ளது.

மலையேற்றப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி மோதி ஓடுவதில்லை. பாதை ஒருவருக்கே திறந்து விடப்படும். அவருக்குப் பின்னர் இடைவெளி விட்டே அடுத்தவர் புறப்படுவார். முந்திச் செல்ல ஆளில்லை. வழி மறிக்கவும் ஆளில்லை. சாரதியும் வண்டியும் கடிகாரமும் மட்டுமே களத்தில் நிற்கும். ஆகவே, உண்மையில் விரைவானவர் எவர் என்று தீர்ப்புக் கூற இதனினும் நேர்மையான மன்றம் வேறில்லை என்று முதற்பார்வையில் தோன்றும். கடிகாரத்துக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லையன்றோ?

ஆயினும், இப்பந்தயத்தை நடத்தியவர்களே கடிகாரத்தை முழுவதும் நம்பியதில்லை. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 900 மீற்றர் நீளமுள்ள மலைப்பாதை ஒன்றுண்டு. 1905 ஆம் ஆண்டில் அங்கு நடந்த முதற் பந்தயத்தில், ஏர்னெஸ்ட் இன்ஸ்டன் என்பவர் டெய்ம்லர் வண்டியொன்றில் 77.6 விநாடியில் ஏறி யாவரினும் முந்தினார். ஆனால், அக்காலத்தில் பரிசு வழங்க வேறொரு கணக்கும் இருந்தது. வண்டியின் நிறை, இயந்திரத்தின் வலு, எடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டுப் பெற்ற விடையே தகுதியை நிர்ணயித்தது. பெரிய இயந்திரத்தை வாங்கியவன் முந்துவதில் வியப்பென்ன என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. பிற்காலத்தில் சூத்திரம் கைவிடப்பட்டு, இயந்திரத்தின் கொள்ளளவுக்கேற்ப வகுப்புகள் பிரிக்கும் முறை நிலைபெற்றது. நுவரெலியாவிலும் பந்தயம் அவ்வாறே வகுப்பு வகுப்பாக நடைபெறுகிறது. வகுப்புப் பிரித்ததனால் அநீதி குறைந்ததேயன்றி ஒழியவில்லை. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு இயந்திரங்களுள் ஒன்று கைதேர்ந்தவரால் செப்பஞ் செய்யப்பட்டும், மற்றையது வாங்கிய நிலையிலேயே ஓடியும் இருக்கலாம்.

இனி, வானத்தின் பங்கைக் காண்போம். 1930 இல் ஹான்ஸ் ஸ்டக் என்னும் புகழ்பெற்ற மலையேற்ற வீரர் ஷெல்ஸ்லி வோல்ஷ் பாதையை 42.8 விநாடியில் ஏறிப் பழைய சாதனையை முறியடித்தார். 1936 இல் அதே வீரர், பதினாறு உருளைகள் கொண்ட ஓட்டோ யூனியன் வண்டியுடன் அங்கு மீண்டும் வந்தார். அன்று மழை. மிகப் பெரிய வலுவைக் கொண்ட அவ்வண்டியின் சில்லுகள் ஈரப்பாதையில் பற்றுக் கொள்ளாமல் வழுக்கின. ஆறாண்டுகளுக்கு முன் தாமே எடுத்த நேரத்தை அவரால் எட்ட முடியவில்லை. அவர் திறமை குன்றிவிட்டார் என்று எவரும் சொல்லவில்லை.

சித்திரை மாதத்து நுவரெலியாவை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்று வெயில் எறிக்கும். பிற்பகலில் இடியும் மழையும் மலைமேல் இறங்கும். முற்பகலில் ஓடியவருக்கு உலர்ந்த பாதையும், மாலையில் ஓடியவருக்கு ஈரமும் மூடுபனியும் வாய்த்தால், இருவரது நேரத்தையும் ஒரே பட்டியலில் எழுதுவது கணக்குக்குப் பொருந்துமேயன்றி நியாயத்துக்குப் பொருந்தாது. மேலும், நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றமுக்கம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. இயந்திரமும் மூச்சு விடுகின்ற ஒன்றுதான். காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும். களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தை விமானத்தளத்தின் சமதரையில் முதல்வராக வந்தவர் மலையில் பின்தங்கினால், குற்றம் எரிபொருட் கலவையைக் காற்றுக்கேற்பத் திருத்தாத கையினுடையதாகவும் இருக்கலாம்.

அவ்வாறாயின் சாரதியை வண்டியிலிருந்து பிரித்து அளக்க வழியே இல்லையா? நம்பத்தக்க வழி ஒன்றுண்டு. ஒரே அணியில், ஒரே வகை வண்டியை, ஒரே நாளில் ஓட்டுகின்ற இருவரை ஒப்பிடுவதே அது. 1988 இல் மக்லாரன் அணியின் அயர்டன் சென்னாவும் அலன் புரொஸ்டும் பதினாறு பந்தயங்களுள் பதினைந்தைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். சென்னாவுக்கு எட்டு, புரொஸ்டுக்கு ஏழு. புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தனிச்சுற்றில் சென்னா பதின்மூன்று தடவையும் புரொஸ்ட் இரண்டே தடவையும் முதலிடம் பெற்றனர். ஆனால், ஆண்டு முழுவதும் ஈட்டிய புள்ளிகளில் புரொஸ்டே 105க்கு 94 என்று மேல். சிறந்த பதினொரு முடிவுகளை மட்டுமே கணக்கிடும் விதியினால் பட்டம் சென்னாவுக்குப் போயிற்று. ஒரு சுற்றில் விரைவானவர் சென்னா என்பதில் ஐயமில்லை. பருவம் முழுவதற்கும் அவரே மேலானவர் என்பதை விதி சொல்லிற்று. எண்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனின் வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 2005 இல் அமெரிக்காவின் இண்டியானபொலிசில் அவர் நான்காம் இடம் பெற்றார். மிஷலின் சில்லுகளைப் பூட்டிய பதினான்கு வண்டிகள் பாதுகாப்புக் கருதி விலகியதால், அன்று ஓடியவை ஆறே வண்டிகள். 2011 இல் மெல்பேர்ணில் அவருடைய நேரம் விதித்த எல்லைக்குள் அமையாமையால் பந்தயத்தில் புறப்படவே அனுமதி கிடைக்கவில்லை. அவரது அணியின் மற்றைய சாரதிக்கும் அதே கதிதான். முன்னதைக் கொண்டு அவரை உலகின் நான்காமவர் என்பதும், பின்னதைக் கொண்டு தகுதியற்றவர் என்பதும் ஒரே வகைப் பிழைகள்.

மாகஸ்தோட்டைப் பட்டியலில் இன்னுமொரு குறை உண்டு. 1934 இல் பந்தயத்துக்கென்று வண்டி வைத்திருக்கக் கூடியவர்கள் துரைமாரும் செல்வந்தருமே. பாதையைப் பேணிய கைகளோ சதக்கணக்கில் நாட்கூலி பெற்ற தோட்டத் தொழிலாளருடையவை. கொழுந்து மூட்டைகளோடு, பனிமூட்டத்தில், ஒருபுறம் பள்ளம் தெரியாத வளைவுகளில் நாள்தோறும் லொறி ஓட்டிய சாரதிமார் இம்மலைநாட்டில் பலர். அவர்களுள் எவருக்கும் பந்தய வண்டியொன்றும் உலர்ந்த முற்பகலொன்றும் கொடுத்து எவரும் நேரம் பார்த்ததில்லை. ஆகையால் அப்பட்டியலின் முதற்பெயர், அந்நாளில், அவ்வகுப்பில், வண்டி வாய்த்தவர்களுக்குள்ளே முந்தியவரின் பெயராகும்.