அயல்மண்ணில் கண்ட குறுந்தொகை: ஏ.கே. இராமானுஜனின் கல்விப் பயணம்

அயல்நாட்டில் பயிலச் செல்லும் மாணவர், அந்நாட்டுப் பண்பாட்டோடு இணங்குந்தோறும் தாய்மொழியிலிருந்து விலகுவர் என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். மைசூரில் பிறந்த ஏ.கே. இராமானுஜனின் (1929-1993) கல்வி வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

இராமானுஜன் மைசூரில் வாழ்ந்த தமிழ் வைணவக் குடும்பத்தைச் சார்ந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையாரின் ஆங்கிலம், கீழே அன்னையாரின் தமிழ், தெருவில் கன்னடம் என இடத்திற்கேற்ப மொழி மாறும் சூழலில் அவர் வளர்ந்தார். மகாராஜா கல்லூரியில் பயின்றது ஆங்கில இலக்கியம். தமிழ் வீட்டுமொழியாக இருந்ததேயன்றி, பழந்தமிழை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை.

ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியபின், புனே தக்காணக் கல்லூரியில் மொழியியல் பயின்று, 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகம் சென்றார். 1963இல் அங்கு முனைவர் பட்டம் பெற்ற அவரது ஆய்வேடு கன்னட இலக்கணம் பற்றியது. மைசூர்த் தெருவில் இயல்பாகப் பேசிய மொழி, அயல்மண்ணில் ஆய்வுப் பொருளாயிற்று.

தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. 1962இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற தொடக்க நாள்களில், பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்திற்குச் சென்றார். அங்கு அவர் கண்டெடுத்தது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. பதிப்பின் உரைநடை விளக்கம் அவருக்கு எளிதில் விளங்கியது. அவ்விளக்கத்தின் வழியே பாடல்களும் பொருள் தந்தன. இதன் பயனாக, 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பான 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளிவந்தது. சங்கப் பாடல்களை ஆங்கில உலகம் கவிதையாகவே படித்துணர இந்நூல் வழிவகுத்தது.

இராமானுஜன் முப்பது வயதில், ஆசிரியப் பட்டறிவோடு சென்றவர். அவர் நாடு திரும்பி நிலையாகக் குடியமரவுமில்லை. ஆதலின் அவரது நிலையை அயல்நாடு செல்லும் மாணவர் அனைவர்க்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. எனினும் ஓர் உண்மை புலனாகிறது. வீட்டுத்தமிழுக்கும் சங்கத்தமிழுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க அவருக்கு உதவியது தெளிந்த உரையோடு கூடிய ஒரு பதிப்பு. அந்நூல் சிகாகோ நூலகத்தில் இல்லையெனில் அச்சந்திப்பே நிகழ்ந்திராது.

தமிழகத்திற்கு வெளியே பேச்சுத்தமிழோடு மட்டும் வளர்ந்து, கல்வியின்பொருட்டு மேலும் தொலைவு செல்லும் மாணவர் இன்றும் பலர். அவர்கள் எட்டும் இடத்தில் உரையுடன் கூடிய நற்பதிப்புகளை வைப்பது தமிழ்த்துறைகளின் கடமைகளுள் ஒன்றாகும்.