கிதார் தணிந்த மேடை: ‘சக்தி’ குழுவின் நேரடிப் பதிவுகளில் அகௌஸ்டிக்கும் எலெக்ட்ரிக்கும்

ராக் இசையின் மேடைப் பதிவுகளில் ஒரு தனி வகை உண்டு. ஒரே குழு ஒரே இரவில் முதலில் அகௌஸ்டிக் கிதாரோடு வாசிக்கும். பிறகு எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொள்ளும். இரண்டும் இசைத்தட்டில் ஏறும். பாப் டிலன் 1966 மே 17 அன்று மான்செஸ்டரில் நடத்திய கச்சேரி இதற்குப் பழைய உதாரணம். முதல் பாதியில் தனியாளாக மரக் கிதாரும் ஹார்மோனிகாவும், இரண்டாம் பாதியில் மின்கருவிக் குழு. கூட்டத்திலிருந்து ஒருவர் ‘யூதாஸ்’ என்று கத்தியதும் அந்தப் பதிவில் கேட்கிறது. பல ஆண்டுகள் கள்ளத்தட்டாகச் சுற்றிவிட்டு 1998இல்தான் அது முறையாக வெளிவந்தது.

கிரேட்ஃபுல் டெட் குழு இதை இன்னும் ஒழுங்காகச் செய்தது. 1980 செப்டம்பர் 25 தொடங்கி அக்டோபர் 14 வரை சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் 15 இரவுகள். அந்த மாதக் கடைசியில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் 8 இரவுகள். ஒவ்வோர் இரவும் ஓர் அகௌஸ்டிக் பகுதி, அதன்பின் எலெக்ட்ரிக் பகுதிகள். 1981இல் முன்னது ‘ரெக்கனிங்’ என்றும் பின்னது ‘டெட் செட்’ என்றும் தனித்தனி இரட்டைத் தட்டுகளாயின. எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சி 1989இல் வந்ததும், எரிக் கிளாப்டன் 1992இல் அதே பெயரில் தட்டு வெளியிட்டதும் இந்த வழக்கத்தைப் பெருஞ்சந்தைக்குக் கொண்டுபோயின.

ராக் வரலாற்று நூல்கள் இந்தக் கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லி முடிக்கின்றன. தமிழ்க் கலைஞர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு கிளை இதில் விடுபட்டுப்போகிறது. ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழு 1975இலும், அதன் மறுபிறவியான ‘ரிமெம்பர் சக்தி’ 1997 முதலும் செய்த மேடைப் பதிவுகளே அந்தக் கிளை. அகௌஸ்டிக்கா எலெக்ட்ரிக்கா என்ற கேள்விக்கு அடியில், மேடையில் யார் யாருக்காகத் தன் ஒலியைத் தணித்துக்கொள்கிறார் என்ற கேள்வி இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கடத்தையும் மிருதங்கத்தையும் கேட்பதற்காக ஓர் எலெக்ட்ரிக் கிதார் கலைஞர் தணிந்தார். அந்தத் தணிவைக் கற்ற பிறகே மின்கருவி மறுபடி அதே மேடைக்கு வர முடிந்தது.

உரத்த குழுவிலிருந்து

மெக்லாஃப்லின் 1942இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ (1969), ‘பிட்சஸ் ப்ரூ’ (1970) பதிவுகளில் வாசித்துப் பெயர் பெற்றார். 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா அவரை ராக் ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது. இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிதார், பில்லி காபமின் டிரம்ஸ், யான் ஹாமரின் கீபோர்டு, ஜெர்ரி குட்மனின் மின் வயலின் ஆகியவை சேர்ந்து எழுப்பிய சத்தம் அக்காலத்தின் மிக உரத்த மேடை ஒலிகளில் ஒன்று. 1973 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பதிவான ‘பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் இடர்னிட்டி’ அக்குழுவின் மேடைப் பதிவு. அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் குழு கலைந்தது.

அவர் அகௌஸ்டிக் பக்கம் திரும்பியதைத் திடீர் மனமாற்றமாகச் சொல்வது வழக்கம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1971இலேயே ‘மை கோல்ஸ் பியாண்ட்’ தட்டின் ஒரு பக்கத்தை அகௌஸ்டிக் கிதாருக்கே கொடுத்திருந்தார்; மறுபக்கத்தில் பாதல் ராயின் தபலாவும் தம்புராவும் இருந்தன. அதைவிட முக்கியமானது கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1960களிலிருந்தே அங்கே கர்னாடக இசைக்குத் தனி இடம் இருந்தது. நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1962இல் அங்கே கற்பித்தார். அவருடைய தம்பி டி. ரங்கநாதன் மிருதங்கம் கற்பித்தார். மெக்லாஃப்லின் அங்கே டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். ஆராய்ச்சி மாணவராக வந்திருந்த வயலின் கலைஞர் எல். சங்கரும் மிருதங்கம் ராம்நாடு ராகவனும் அதே வளாகத்தில் இருந்தவர்கள். ஆக, ‘சக்தி’யின் அடித்தளம் ஒரு ராக் நட்சத்திரத்தின் ஆன்மிகத் தேடல் மட்டுமன்று. தமிழ் ஆசிரியர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்தாண்டுக்கு மேல் எடுத்த வகுப்புகளும் அதில் இருக்கின்றன. இதைச் சொல்லாத வரலாறு பாதி வரலாறு.

1975 ஜூலை 5

முதல் தட்டு நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அன்று மேடையிலேயே பதிவானது. 1976இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. மெக்லாஃப்லின், சங்கர், தபலா ஜாகிர் உசேன், ராகவன், ‘விக்கு’ விநாயக்ராம் ஆகிய ஐவர். பேஸ் கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை. கீழ் ஒலி வேண்டுமென்றால் மிருதங்கத்தின் தொப்பியிலிருந்தும் தபலாவின் பாயாவிலிருந்தும்தான் வரவேண்டும்.

புதிதாக அறிமுகமாகும் ஒரு குழு, பெரிய நிறுவனத்துக்கான முதல் தட்டையே மேடைப் பதிவாகத் தருவது அன்று அரிது. அதில் மூன்றே உருப்படிகள். ‘ஜாய்’ சுமார் 18 நிமிடம். ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்குள். கடைசி உருப்படி 29 நிமிடத்தை நெருங்கி ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் வைப்பதே பொதுவான அளவு. நேரம் நீளும்போது வரிப்பள்ளங்கள் நெருங்கும். ஒலியின் அளவைக் குறைத்தே வெட்ட முடியும். அதாவது மேடையில் தணிந்த இசை தட்டிலும் தணிந்தே ஏறும். ராக் சந்தையில் இது பெருந்துணிச்சல். நீளத்தைக் குறைத்திருந்தால் தாளவாத்தியக்காரர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் தனி ஆவர்த்தனப் பகுதிதான் முதலில் வெட்டப்பட்டிருக்கும். ஆலாபனையிலிருந்து தனி வரை விரியும் கச்சேரியின் நடை அந்த 29 நிமிடத்தால் பிழைத்தது என்பேன்.

அந்தக் கிதாரைப் பற்றியும் விரிவாகப் பேச வேண்டும். ஆபிரகாம் வெக்டர் கிப்சன் நிறுவனத்தில் இருந்தபோது ஜே-200 வகையை ஒட்டி மெக்லாஃப்லினுக்காகச் செய்தது அது. ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு கூடுதல் தந்திகள். அவற்றை மீட்டினால் தம்புராபோல் சுருதி நிற்கும். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் அழுத்தி இழுக்க முடியும். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் விரல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறதே, அதற்கு நெருங்கிய வசதி இது. எலெக்ட்ரிக் கிதாரில் மின்சாரம் ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிறுத்தும். மரக் கிதாரில் அந்த உதவி கிடையாது. ஸ்வரம் சட்டென்று மறையும். மறைவதற்குள் அசைக்க வேண்டும். மெக்லாஃப்லினின் வேகத்தைப் பலர் பாராட்டுகிறார்கள். அந்த வேகத்துக்கு ஒரு காரணம் இந்தக் கருவியின் குறுகிய ஆயுளே.

எல். சங்கரின் வயலினும் அப்படித்தான். மகாவிஷ்ணுவில் வயலின் மின்கருவி. இங்கே அது சப்பணமிட்டு உட்கார்ந்து, நுனியைக் கணுக்காலில் சாய்த்து வாசிக்கும் கர்னாடக வயலின். விநாயக்ராமின் கடம் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சேரியில் உபபக்கவாத்தியம், மிருதங்கத்துக்குப் பின்னால் இடம். 1975 மேடையில் அது முன்வரிசைக்கு வந்தது. கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் எழுப்பும் அந்தத் தாழ்ந்த ஒலி, ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் முன் வைத்தால் அடியோடு காணாமல் போகும். கிதார் தணிந்ததால்தான் அது உலகத்துக்குக் கேட்டது.

மைக் என்னும் மறைவான மின்கருவி

ஆயினும் ‘சக்தி’யை மின்சாரமற்ற இசை என்று சொல்வது சரியாகாது. கல்லூரி மண்டபத்தில் கடம் கேட்டது மைக்கினால். ‘அன்பிளக்டு’ என்று உலகம் கொண்டாடிய எல்லாப் பதிவுக்கும் இது பொருந்தும்.

தருமபுரி மாவட்டத்தில் கடத்தூர், பொம்மிடி, அரூர் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கண்கூடு. முகவீணை, மத்தளம், தாளம், ஆர்மோனியம் எல்லாமே மின்சாரம் கேட்காத கருவிகள். முகவீணையின் கூர்மையான உச்ச சுருதி திறந்த வெளியில் கடைசி ஆள் வரை போவதற்கென்றே அமைந்தது. பாடுபவரும் அதற்கு ஈடாக எட்டுக்கட்டையில் எடுத்தாக வேண்டியிருந்தது. களரிக்கு மேலே மைக் தொங்கத் தொடங்கியதும் கூத்தாடியின் நடமாட்டமே மாறியது. பாட்டு வரும்போது மைக்கின் கீழ் வந்து நிற்கிறார். அடவு வரும்போது விலகுகிறார். இன்று மாரியம்மன் திருவிழாக்களில் பம்பை, உடுக்கையோடு கீபோர்டும் பெட்டி ஸ்பீக்கரும் சேர்ந்து வருகின்றன. மரமும் தோலும் மின்சாரமும் ஒரே மேடையில் நெருக்கியடித்து நிற்கும் சிக்கல் கடத்தூருக்கும் உண்டு, லாங் ஐலண்டுக்கும் உண்டு.

கர்னாடக மேடையும் இதே வழியில் நடந்ததுதான். எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் காலத்து நாடக மேடைக்கு உச்ச சுருதி கட்டாயம். மைக் பரவிய பிறகு சுருதி இறங்கியது, எம். டி. ராமநாதனின் ஆழ்ந்த குரல் பெரிய சபையை நிறைக்க முடிந்தது. வீணையில் காண்டாக்ட் மைக் ஒட்டலாமா என்று வித்வான்கள் சண்டையே போட்டார்கள். டிலனைப் பார்த்து மான்செஸ்டரில் கத்தியவருக்கும் அந்த வித்வான்களுக்கும் கவலை ஒன்றே.

மின்கருவியோடு திரும்பிய தமிழ் மேடை

‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ (1976), ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ (1977) இரண்டும் ஸ்டூடியோ பதிவுகள். ராகவன் விலகியிருந்தார். விற்பனை மகாவிஷ்ணுவின் அருகில்கூட வரவில்லை. 1978இல் குழு நின்றது. இடைப்பட்ட காலத்தில் குறிப்பிட வேண்டியது 1980 டிசம்பர் 5: மெக்லாஃப்லின், பாகோ தெ லூசியா, அல் டி மியோலா மூவரும் அகௌஸ்டிக் கிதார்களோடு வாசித்த ‘ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’. இடம் அதே வார்ஃபீல்ட் அரங்கு. கிரேட்ஃபுல் டெட் அங்கே அகௌஸ்டிக் பகுதி வாசித்து முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்தான் பின்னர் ஜாகிரையும் விநாயக்ராமையும் சேர்த்து ‘பிளானட் டிரம்’ (1991) செய்து கிராமி பெற்றவர். இரண்டு கிளைகளும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன.

1997 செப்டம்பரில் இங்கிலாந்துக் கச்சேரிகளில் குழு மறுபடி கூடியது. சங்கர் வரவில்லை, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் அவர் இடத்தில். அந்தப் பதிவு 1999இல் ‘ரிமெம்பர் சக்தி’ என வெளிவந்தது. இப்போது மெக்லாஃப்லின் மடியில் எலெக்ட்ரிக் கிதார். அடுத்து யு. ஸ்ரீனிவாஸ் வந்தார். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றி, மின்சாரம் சேர்த்து, கமகம் பேசவைத்தவர். சிறுவனாக அவர் வந்தபோது இது கச்சேரிக்கு ஏற்ற கருவியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2000இல் வெளிவந்த ‘தி பிலீவர்’ மேடைப் பதிவில் மெலடிக் கருவி இரண்டுமே எலெக்ட்ரிக். தபலாவும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வாசித்த கஞ்சிரா, கடம், மிருதங்கமும் மண்ணும் மரமும் தோலும்.

1975ஐத் தலைகீழாக்கிப் பார்ப்பதுபோல் இருக்கிறது இது. ஆனாலும் தாளம் மூழ்கவில்லை. எலெக்ட்ரிக் கிதார் இங்கே கரகரப்பில்லாத சுத்த ஒலியில், கஞ்சிராவின் அளவுக்குத் தன்னை வைத்துக்கொள்கிறது. மாண்டலினோ மின்சாரத்தை உரப்புக்குப் பயன்படுத்தவில்லை. ஸ்வரத்தை நீட்டவே பயன்படுத்துகிறது. 1975இல் மரக் கிதார் வேகத்தால் ஈடுகட்டிய குறையை ஸ்ரீனிவாஸ் மின்சாரத்தால் நிரப்பினார். இரண்டு பதிவுகளிலும் உள்ள ‘லோட்டஸ் ஃபீட்’டை அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வளர்ச்சி தெளிவாகும். 2000 டிசம்பரில் மும்பையில் பதிவான ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’யில் ஏ. கே. பழனிவேலின் தவில்கூட எலெக்ட்ரிக் கிதாரோடு ஒரே மேடையில் நின்றது. கோயில் வெளிக்கென்று பிறந்த தவிலுக்கு முன்னால் இப்போது தணிய வேண்டியது யார் என்று பார்த்தால், தவில் தணிகிறது, மற்றவர்கள் ஏறுகிறார்கள்.

‘ரிமெம்பர் சக்தி’ கூடிய அதே 1997இன் முதல் நாளில் டெல்லி மண்டி ஹவுஸ் பகுதியில், தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாகச் சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் இந்தியன் ஓஷன் குழு ‘டெசர்ட் ரெய்ன்’ மேடைப் பதிவைச் செய்தது. சுஸ்மித் சென்னின் கிதாரும் அஷீம் சக்ரவர்த்தியின் தபலாவும் ராகுல் ராமின் பேஸ் கிதாரும் அமித் கிலாமின் டிரம்ஸும் கலந்த அது, ‘சக்தி’ ஒதுக்கிவைத்த டிரம்ஸையும் பேஸையும் உள்ளே கொண்டுவந்து சமன் தேடியது. தமிழகத்தில் இந்தச் சமன் வேறொரு திசையில் தேடப்பட்டது. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், பறையையும் சட்டியையும் கானா குரலையும் எலெக்ட்ரிக் கிதாரோடு நிறுத்தியது. அங்கே பறை யாருக்காகவும் தணியவில்லை. தணியக் கூடாது என்பதே அக்குழுவின் அரசியல், அது நியாயமானதும்கூட.

மேடையில் இருப்பவர்கள் தணிவதற்குத் தமக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை ஆராய ஒவ்வொரு கருவியும் தனி மைக்கில், தனி டிராக்கில் பதிவாகியிருக்க வேண்டும். பெரிய குழுக்களுக்கு அந்த வசதி உண்டு. தருமபுரி மாவட்டத்துக் கூத்துகளும் பம்பைக் குழுக்களும் பெரும்பாலும் செல்போனில், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன் நின்று பதிவாகின்றன. அந்தப் பதிவில் கீபோர்டு மட்டுமே மிஞ்சுகிறது. கடத்தூர்ப் பக்கத்துத் திருவிழா ஒன்றை எட்டு டிராக்கில் பதிவுசெய்ய அதிகச் செலவாகாது: பம்பைக்கு இரண்டு முகத்துக்கும் இரண்டு மைக், உடுக்கைக்கு ஒன்று, பாடுபவருக்கு ஒன்று, சிலம்புக்கு ஒன்று, கீபோர்டிலிருந்து நேராக இரண்டு கம்பி, கூட்டத்துக்கு ஒன்று. அப்படி ஒரு பதிவு கையில் இருந்தால், கீபோர்டு ஏறும்போது உடுக்கைக்காரர் என்ன செய்கிறார் என்பதைச் ‘சக்தி’யின் பதிவுகளோடு பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.