தொட்டுத் திரும்புதல்: சடுகுடு, பெண்கள், ‘அமெச்சூர்’ என்கிற சொல்

1

‘அமெச்சூர்’ என்கிற சொல்லை நான் முதலில் படித்தது ஒரு சான்றிதழில்தான். 2003ஆம் வருஷம், எனக்குப் பதினாலு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு கபடிப் போட்டியில் எங்கள் பள்ளி இரண்டாவதாக வந்தது. கொடுத்த காகிதத்தில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதுகூடப் பெரிதாகப் படவில்லை. மேலே கொட்டை எழுத்தில் இருந்த அந்த வார்த்தைதான் உறுத்தியது. “அமெச்சூர்னா என்னா சார்?” என்று பி.டி. வாத்தியாரைக் கேட்டேன். “காசு வாங்காம ஆடுறதும்மா” என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் வலது கார்னர் சட்டென்று சொன்னாள்: “குடுத்தா வாங்கமாட்டோமா சார்?”

வாத்தியார் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. அந்தக் கேள்விக்கு விளையாட்டு வரலாற்றில் பதில் இருக்கிறதா என்று தேடிப்பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை. அறிவுஜீவிகளுக்குச் சடுகுடு எதுக்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் முல்லைக்கலியின் ஏறுதழுவலை நாள்கணக்கில் படித்தோம். காளையின் கொம்பு, ஆயர் தோள், பார்த்து நிற்கும் பெண்கள் எல்லாம் வந்தது. பெண் ஆடுவது மட்டும் வரவில்லை. நேற்று சாயங்காலம்வரை சடுகுடு ஆடிவிட்டு முட்டியில் சிராய்ப்போடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தப் பாடத்தில் பார்வையாளர் இடம்தான் கிடைத்தது. இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

அமெச்சூர் என்பதற்கு வேர் ‘நேசிப்பது’ என்னும் லத்தீன் வினை. நேசத்துக்காக ஆடுகிறவர் அமெச்சூர், கூலிக்காக ஆடுகிறவர் தொழில்முறையாளர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இந்தச் சொல் விதியாக மாறியபோது என்ன நடந்தது? 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் வகுத்த விதிப்படி, கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரோ தொழிலாளரோ அமெச்சூர் ஆகமுடியாது. கவனிக்க வேண்டும்: படகு ஓட்டிக் காசு வாங்கியவரை மட்டும் அவர்கள் விலக்கவில்லை. கையால் உழைத்துப் பிழைப்பவர் அனைவரையும் விலக்கினார்கள். நேசம் என்பது ஓய்வு நேரம் உள்ளவர்களின் சொத்தாயிற்று. அமெச்சூர் அறம் என்பது மேட்டுக்குடியின் விளையாட்டுத் தத்துவம் என்று பூர்தியு எழுதியது இதைத்தான்.

ஜிம் தோர்ப் என்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் சிறு ஊர்களில் சொற்பக் காசுக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று சொல்லி 1913இல் அவற்றைப் பறித்தார்கள். அவர் 1953இல் செத்துப்போனார். பதக்கங்களைத் திருப்பித் தர 1982இல்தான் முடிவானது. அப்போதும் இன்னொருவரோடு பங்குபோட்டுத்தான். அந்த ஆட்டங்களின் ஒரே வெற்றியாளர் அவரே என்று ஒப்புக்கொள்ள 2022 ஆயிற்று.

1970களில் ஒலிம்பிக் சாசனமே இந்தச் சொல்லைக் கைவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், 1970களின் தொடக்கத்தில், இந்தியாவில் கபடிக்கான கூட்டமைப்பு ‘அமெச்சூர்’ என்ற அடைமொழியைப் பெயரில் சேர்த்துக்கொண்டு உருவானது. கூலி உழைப்பாளியை வெளியே நிறுத்தக் கண்டுபிடித்த சொல், அங்கே செத்துக்கொண்டிருந்தபோது இங்கே வந்து, கூலி உழைப்பாளிகளே ஆடும் ஆட்டத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. நடவுக்குப் போகும் பெண், சிப்காட் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவரின் மகள், மீன்கூடை சுமப்பவளின் மகள்: எங்கள் அணி இப்படித்தான் இருந்தது. ஹென்லி விதிப்படி எங்களில் பாதிப்பேர் ஆடவே முடியாது. நாங்கள் ‘அமெச்சூர்’களாம்.

3

சடுகுடு தமிழனின் ஆதி ஆட்டம், ‘கைபிடி’தான் கபடியாயிற்று என்று மேடைதோறும் சொல்கிறார்கள். வேர்ச்சொல் விளையாட்டில் எனக்கு ஆர்வமில்லை. இன்று நாம் ஆடும் கபடியின் விதிகள் 1920களில் மராட்டிய மண்ணில் எழுதப்பட்டவை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இதை ஆடிக்காட்டியது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு வந்தது. 1952இல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி மதராஸில் நடந்தது. பெண்களுக்கு 1955இல், கல்கத்தாவில்.

விதி எழுதப்படும்போது சில விஷயங்கள் அழியும். ஊருக்கொரு பாட்டு இருந்தது சடுகுடுவில். பாடிப்போகிறவர் எதிராளியைக் கேலிசெய்து, சொந்த ஊரைப் புகழ்ந்து, ஒரே மூச்சில் இழுப்பார். விதிப்புத்தகம் அத்தனை பாட்டையும் ‘கபடி’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கியது. இப்போது மூச்சுக்கும் எஜமான் முப்பது வினாடிக் கடிகாரம்தான்.

பெண்ணுடலையும் அந்தப் புத்தகம் அளந்துவைத்தது. ஆண்களுக்கு மைதானம் 13க்கு 10 மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8. ஆண்களுக்குப் பாதி ஆட்டம் இருபது நிமிஷம். நான் ஆடிய காலத்தில் எங்களுக்குப் பதினைந்து. பகல் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பொம்பளைக்கு நாற்பது நிமிஷம் ஆடத் தெம்பு இருக்காது என்று எந்த மருத்துவர் சொன்னார்? கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் நுழைந்தது. பெண்கள் கபடி நுழைந்தது 2010இல், குவாங்சோவில். இருபது வருஷ இடைவெளி. அந்த இருபது வருஷத்தில் ஆடி, கல்யாணமாகி, ஓய்ந்துபோனவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவரவர் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் மட்டும் இருக்கின்றன.

4

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், உள்ளே திரும்பினால் கிள்ளை, பரங்கிப்பேட்டை: பொங்கல் சமயத்தில் இந்த ஊர்களில் டியூப்லைட் கட்டி ராத்திரி ஆட்டம் நடக்கும். மண்ணைச் சலித்துப் போட்டு, சுண்ணாம்பில் கோடு. மைக்செட்டில் ஒருத்தர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். ஆண்கள் ஆட்டத்துக்கு “சிங்கம் பாடி வருது பாரு” என்பார். நாங்கள் இறங்கினால் குரல் மாறிவிடும். “ஏழாம் நம்பர் பாப்பா பாத்தும்மா, வளையல் ஒடைஞ்சிடப் போவுது.” எந்தப் பெண்ணும் வளையலோடு ஆடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். தொடையைத் தட்டி ஆடுகிற ஆட்டத்தில் பெண் தொடையைத் தட்டுவதை அந்தக் கூட்டம் எப்படிப் பார்க்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் அம்மாவின் முதல் ஆட்சேபமே அதுதான். “ஆடு, ஆனா தொடையத் தட்டாத.” நான் தட்டினேன். ஒரு வருஷம் அம்மா என் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை.

சடுகுடுவின் இலக்கணம் தொடுதல். தொட்டால் எதிராளி அவுட், தொட்டபின் பிடிபட்டால் நான் அவுட். எந்த மண்ணில் இந்த ஆட்டம் நடக்கிறது என்று யோசித்தால்தான் இதன் கனம் புரியும். ஊர்த்தெரு அணியும் காலனி அணியும் ஒரே கோட்டுக்கு இருபுறமும் நிற்கின்றன. டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவரின் பேரன், குவளை வைத்தவரின் பேரனை இடுப்போடு கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்கிறான். அந்த அரைமணி நேரத்துக்குத் தொடுதல் தீட்டில்லை, புள்ளி. விசில் ஊதியதும் கோடு மறுபடி தெருவுக்குப் போய்விடுகிறது. ஆட்டம் சாதியை ஒழிக்கும் என்று நான் சொல்லவரவில்லை. தோற்ற அணி ஆத்திரத்தில் சாதியைச் சொல்லித் திட்டியதையும், போட்டி அதோடு நின்றுபோனதையும் இதே சாலையில் பார்த்திருக்கிறேன். எங்கள் அணியில் ஊரும் காலனியும் குப்பமும் கலந்திருந்தோம். ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம். ஆனால் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனபோது திண்ணையோடு நிறுத்தப்பட்டதும் உண்டு.

சிதம்பரத்தில் இதை எழுதும்போது நந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச்சொல்லியே திருநாளைப்போவார் ஆனவர். கோட்டைத் தாண்டியவர், நெருப்பு வழியாக உள்ளே போனார், திரும்பி வரவில்லை. அதைப் பக்தி என்கிறது புராணம். சடுகுடுவில் எதிர்க்களத்துக்குள் போவது சாதனையாகாது. தொட்டுவிட்டு மூச்சோடு தன் பக்கம் திரும்பி வந்தால்தான் புள்ளி. இந்த ஊரில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் கட்டியதை நான் இந்த அர்த்தத்தில்தான் வாசிக்கிறேன்: அவர் கட்டியது, போகிறவர்கள் உயிரோடு திரும்பி வருவதற்கான ஒரு வழி.

5

என்னோடு எம்.ஏ. படித்த தோழி ஒருத்தி இப்போது ஆஸ்திரேலியாவில். அவள் வார இறுதியில் ஆடும் ஆட்டத்துக்கு ரோலர் டெர்பி என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வட்டப் பாதையில் இரண்டு அணிகள், அணிக்கு ஐந்து பேர். நட்சத்திரம் போட்ட தலைக்கவசம் அணிந்தவள் எதிரணியின் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னேற வேண்டும். தாண்டுகிற ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு புள்ளி. தோளாலும் இடுப்பாலும் இடித்துத் தடுப்பார்கள். “நம்ம சடுகுடுதாண்டி, கோடு மட்டும் வட்டமா இருக்கு” என்று எழுதியிருந்தாள்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் என்கிற முதலாளி காசு பார்க்கத் தொடங்கிய காட்சி அது. 1970களில் நொடித்துப்போனது. 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டினில் பெண்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள். இந்தமுறை ஆடுகிறவர்களே நடத்தினார்கள். பாதை போடுவது, டிக்கெட் கிழிப்பது, விதி எழுதுவது எல்லாம் அவர்களே. சம்பளம் கிடையாது, இவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள். பெயரைக்கூடத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள், கேலியும் மிரட்டலும் கலந்த பட்டப்பெயர்கள்.

அவர்களும் அமெச்சூர், நாங்களும் அமெச்சூர். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சக்கரக் காலணி வாங்க, காப்பீடு கட்ட, எலும்பு முறிந்தால் லீவு போட அவளால் முடிகிறது. அவள் நேசத்துக்குப் பின்னால் ஒரு சம்பளம் இருக்கிறது. அதைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறாள். இருந்தாலும் ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் பொறாமை. அவளுடைய ஆட்டம் அவளுடையது. எங்களுடையது சங்கங்களுடையது. இந்தியக் கபடிக் கூட்டமைப்புக்கு 1984 முதல் 2013 வரை ஜனார்தன் சிங் கெலாட் ஒருவரே தலைவர். அப்புறம் அவர் ஆயுட்காலத் தலைவர், அவர் மனைவி தலைவர். 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது. காசு கிடையாது என்று ஆடுகிறவருக்குச் சொன்ன அதே அமைப்பில் நாற்காலி ஒரு குடும்பத்துக்கு இருந்தது.

சங்கத்தின் அதிகாரம் எதில் இருக்கிறது? ஒரு கையெழுத்தில். சான்றிதழ் இருந்தால்தான் கல்லூரி இடம், அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. ஏழைப் பெண்ணுக்குக் கபடி என்பது நேசமும்தான், ஆனால் கூடவே ஒரு வேலைக்கான மனு. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியவர். தமிழகம் 2018இல் முதன்முறையாகப் பெண்கள் தேசியக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். காவல்துறையில் உதவி ஆய்வாளர் வேலை கிடைத்ததால் ஆட்டமும் நிலைத்தது. வேலை கிடைக்காதவர்களை யார் எண்ணினார்கள்?

2016இல் தொலைக்காட்சிக் கபடி பெண்களுக்கும் ஒரு போட்டி வைத்தது. மூன்றே அணிகள், ஒரே ஒரு வருஷம். 2018இல் ஜகார்த்தாவில் இந்தியப் பெண்கள் இரானிடம் தங்கத்தை இழந்தார்கள். இரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் சீன தைபேயை 26-25 என்று வென்று இந்தியாவின் நூறாவது பதக்கத்தைக் கொண்டுவந்ததும் பெண்கள் கபடிதான். பிரதமர் வாழ்த்தினார். ஒன்றேகால் வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், பல்கலைக்கழகப் போட்டிக்காகப் பஞ்சாபின் பட்டிண்டாவுக்குப் போன தமிழ்நாட்டுப் பெண்கள் மைதானத்திலேயே தாக்கப்பட்டார்கள்.

6

என் இடது முட்டியின் ஜவ்வு கிழிந்தது இருபத்திரண்டாம் வயதில். புத்தூர் கட்டு போட்டார்கள், ஆறு வாரம் படுத்தேன். ஆபரேஷனுக்குச் சொன்ன தொகை எங்கள் வீட்டு இரண்டு வருஷ வரும்படி. எந்தச் சங்கமும் எட்டிப்பார்க்கவில்லை. பார்க்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ‘அமெச்சூர்’ என்ற சொல் செய்கிற வேலை இதுதான்: எதிர்பார்ப்பையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. 2022 ஜூலையில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் மானடிக்குப்பத்தில் பாடிப்போன ஒரு இளைஞர், பிடியிலிருந்து விடுபட எகிறி விழுந்தவர், களத்திலேயே உயிரை விட்டார். காணொளியை ஊரே பார்த்தது, அழுதது. ராத்திரி ஆட்டங்களில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், ஆடுகிறவருக்குக் காப்பீடு வேண்டும் என்பதைக் கோரிக்கையாக எழுப்ப நம் இயக்கங்களுக்கு ஏன் தோன்றவில்லை? உழைப்பு என்றால் வயலும் ஆலையும் மட்டும்தானா? காசு வாங்காத உழைப்பைப் பற்றி அடுக்களையை முன்வைத்துப் பெண்ணியர்கள் கேட்ட கேள்வி மைதானத்துக்கும் பொருந்தும்.

வலது கார்னருக்குப் பத்தொன்பதில் கல்யாணம். போன மாசி மகத்தன்று கிள்ளையில் பார்த்தேன். சாமி கடலுக்கு வந்திருந்தது, நல்ல கூட்டம். மகளுக்குப் பன்னிரண்டு வயசு. “இவளும் கார்னர்தான்” என்றாள். முட்டியில் புதுச் சிராய்ப்பு. “சங்கத்துல சேத்துவிட்டியா?” என்றேன். “சேக்கணும். மொதல்ல ஒண்ணு கேக்கணும். புள்ளைக்கு அடிபட்டா யாரு பாப்பாங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லணும்” என்றாள். அப்புறம், கூட்டத்தில் யாரோ இடித்ததும், பழக்கதோஷத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சங்கிலி போடுகிறமாதிரி.

பி.டி. வாத்தியார் சிரித்துத் தப்பித்துவிட்ட அந்தக் கேள்வியை அவள் இன்னும் விடவில்லை. இம்முறை காசு கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கிறாள். அவர்களிடமிருந்து ஒரு கையெழுத்து.