லேஸ் தலையணையும் பெண் கல்வியும்

தென் திருவிதாங்கூரின் பெண் கல்வி வரலாற்றை எழுதுபவர்கள் பள்ளியையும் பாடத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, சிறுமிகளுக்குக் கற்பித்த ஊசி வேலையை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வேலைதான் பள்ளியையே தாங்கி நிறுத்தியது என்பது என் கருத்து. லண்டன் மிஷன் சங்கத்தின் மீட், மால்ட் குடும்பத்தார் 1818, 1819-ஆம் ஆண்டுகளில் நாகர்கோவிலில் குடியேறினார்கள். அங்கே பனையேறிப் பிழைத்த நாடார் வீடுகளில் சிறுமியின் கையும் உழைக்கும் கைதான். கைக்குழந்தையைத் தூக்கவும் பதநீர் காய்ச்சும் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கவும் அவள் வேண்டும். அவளைப் பள்ளிக்கு விடுவது வீட்டுக்கு நட்டம். அந்த நட்டத்தை ஈடுகட்டியது மார்த்தா மால்ட் 1820-களில் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு சேர்த்துக் கற்பித்த லேஸ் பின்னல். திண்டுபோன்ற தலையணைமேல் துளையிட்ட மாதிரித் தாளை விரித்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. எண்ணிக்கை பிசகினால் பின்னியதைப் பிரிக்க வேண்டும். பின்னிய லேஸ் விலைபோனது, பிள்ளைக்குக் கூலி வந்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்தே தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் பதிந்துள்ளன. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-இல்தான்.

வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடைக்கு ஏழைப் பிள்ளைகள் கண் நோகப் பின்னியது எப்படிக் கல்வியாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல இல்லத்தரசியாக்குவதும் மிஷனின் நோக்கங்களில் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், இதே ஊர்களில் நாடார் பெண்கள் மேலாடை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. 1814-இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணிய அனுமதி வந்த பின்னும் தாக்குதல்கள் ஓயவில்லை. 1859 அரசாணையும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையோடுதான் வந்தது. ரவிக்கை போட்டதற்காக அடிபட்ட சமூகத்தில், துணியை வெட்டித் தைக்கத் தெரிந்த சிறுமியின் கல்வியை வீட்டுவேலைப் பயிற்சி என்று குறுக்க முடியாது. கைத்தொழில் படிப்பை விழுங்கிவிட்டது என்பாரும் உண்டு. நடந்ததோ வேறு. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844-இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அங்கே பெண்கள் பள்ளியையும் லேஸ் பின்னலையும் சேர்த்தே வளர்த்தார்.

பெண் கல்வியின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் இனியாவது பள்ளிப் பதிவேடுகளோடு லேஸ் விற்ற கணக்குகளையும் தேடிப் படிக்க வேண்டும்.