காவிரிப் படுகை நெல் கொள்முதலில் செயற்பாட்டு இடர் மேலாண்மை

செயற்பாட்டு இடர் என்பது ஒரு வழங்கல் சங்கிலியின் அன்றாடப் பணிகள் தடைப்படுவதால் இழப்பு ஏற்படும் வாய்ப்பு ஆகும். இவ்வாய்ப்பை முன்கூட்டியே கண்டறிந்து குறைப்பது இடர் மேலாண்மை எனப்படும். தொழிற்சாலையொன்று மூலப்பொருளின் வரவைத் தள்ளிவைக்கலாம். முற்றிய நெல்லின் அறுவடையைத் தள்ளிவைக்க இயலாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் கொள்முதல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சங்கிலியின் அமைப்பு

1972 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியாக உழவர்களிடம் நெல்லை வாங்குகிறது. நெல் 40 கிலோ மூட்டைகளாக எடையிடப்பட்டு, கிடங்குகளுக்கும் அரவை ஆலைகளுக்கும் அனுப்பப்படுகிறது. அரிசி பொது விநியோகத் திட்டத்திற்குச் செல்கிறது.

இடர் தோன்றும் விதம்

குறுவை அறுவடை முடியும் தறுவாயில், அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அறுவடை இயந்திரங்கள் பரவியதால் ஈரம் குறையாத நெல் சில நாட்களிலேயே பெருமளவில் வந்து குவிகிறது. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை இவ்வரம்புக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 94 கிலோ எஞ்சும். நீங்க வேண்டிய 6 கிலோ நீர் மழைநாளில் எளிதில் நீங்குவதில்லை.

லாரி வராவிட்டால் நிலையத்தில் மூட்டைகள் தேங்கும். இடமின்றி எடையிடுதல் நிற்கும். வெளியே குவித்த நெல் நனைந்து முளைவிடும். ஆகவே, ஒரு கண்ணியில் ஏற்படும் தாமதம் அதற்கு முந்தைய கண்ணியில் இழப்பாக வெளிப்படுகிறது. எடையிடும் வரை அவ்விழப்பு உழவரையே சாரும். இதனால் கழகத்தின் இருப்புக் கணக்கை மட்டும் கொண்டு சங்கிலியின் முழு இழப்பை அறிய இயலாது.

மேலாண்மை முறைகள்

காலம்: அக்டோபர் 1 இல் தொடங்கிவந்த கொள்முதல் பருவம், 2022 முதல் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 இல் தொடங்குகிறது. மழைக்கு முன் கூடுதல் நாட்கள் கிடைக்கின்றன.

வரம்புத் தளர்வு: 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் சம்பா நெல் நனைந்தபோது நடுவண் அரசு தளர்வு அளித்தது. 2025 அக்டோபரில் குறுவை நெல் தேங்கியபோது, வரம்பை 22 விழுக்காடாக உயர்த்துமாறு மாநில அரசு கோரியது. நடுவண் குழுக்கள் மாதிரிகளைச் சேகரித்தன. தளர்வு ஈரத்தை நீக்குவதில்லை. உழவரிடமிருந்து கிடங்குக்கு மாற்றுகிறது. எனவே அத்தகைய நெல் விரைவாக உலர்த்தப்பட வேண்டும் அல்லது அரவைக்குச் செல்ல வேண்டும்.

ஆய்வு: ஈர நெல் சிக்கலுக்குத் தீர்வு காண 1967 இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. பின்னர் தஞ்சாவூருக்கு மாறிய இது, 2021 இல் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

வேகச் சமநிலை: நிலையத்திற்கு ஒரு நாளில் வரும் நெல்லின் அளவும் அங்கிருந்து வெளியேறும் அளவும் ஒத்திருப்பதே முதன்மையானது. சாக்கு, தார்ப்பாய், லாரி, சுமைதூக்குவோர், கிடங்கு இடம் ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றால் பயனில்லை. அறுவடைக்கு முன்பே இவ்வைந்தையும் நிலையம்தோறும் கணக்கிடுவது, நனைந்த பின் இழப்பீடு வழங்குவதைவிடப் பயனுள்ளதாகும்.