தாரமங்கலம்

சேலம் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஓமலூருக்குத் தென்மேற்கே அமைந்த சிறு நகரம். பட்டு நெசவும் கைலாசநாதர் ஆலயமுமே இதற்குப் புகழ் தேடித் தந்தவை.

இவ்வூரின் பூர்வ சரித்திரம் பற்றிக் கிடைப்பது சொற்பமே. கைலாசநாதர் ஆலயத்துக்கு முற்பட்டதெனக் கருதப்படும் இளமீசுவரர் கோயில் அக்காலத்துக்குச் சாட்சியாக நிற்கிறது.

மதுரை நாயக்கர்களுக்கு அடங்கி, மைசூர்ச் சேனை இறங்கிவரக்கூடிய வடகொங்கு எல்லையைக் காத்துவந்த கெட்டி முதலிகளின் ஆதிக்கத்தில், 17-ஆம் நூற்றாண்டிலேதான் ஊர் தலையெடுத்தது. அவர்களுடைய தலைநகர் அமரகுந்தி என்பர் சிலர். தாரமங்கலமே என்பர் வேறு சிலர். கோட்டை அங்கும் கோயில் இங்குமாக இருந்தன எனச் சமாதானம் கூறுவாரும் உளர். கெட்டி முதலிகளுள் மும்முடி தொடங்கிய கோயில் திருப்பணியைச் சீயாழி வளர்க்க, வணங்காமுடி நிறைவேற்றினார் என்பது வழக்கு. எனினும் வணங்காமுடி என்பது ஒருவரின் பெயரா, குடிக்கே உரிய விருதா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு.

சிவகாமியம்மையோடு கைலாசநாதர் எழுந்தருளியுள்ள ஆலயம் மேற்கு நோக்கியது. யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேர்போல் அமைந்த இராஜகோபுரத்தைக் கடந்து, மாசி மாதத்தில் சில நாட்கள் அந்தி வெயில் லிங்கத்தின்மேல் விழும். வேங்கை மரக் கதவுகளில் அறைந்துள்ள இரும்புக் குமிழ்களில் ஒன்றுபோல் மற்றொன்று இராது என்பர். தூண் சிற்பங்களில், இராமன் நிற்கும் தூணருகிலிருந்து நோக்கினால் வாலி தென்படுவான். வாலியிடத்திலிருந்து நோக்கினாலோ இராமன் மறைந்துவிடுவான். கற்சிங்கத்தின் வாயிலுள்ள கல்லுருண்டை விரலால் தள்ளினால் உருளும், வெளியே மட்டும் வராது. மேல்விதானத்துத் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குவதைக் கழுத்து நோக நிமிர்ந்து பார்ப்பது வீண்போகாது. எண்கோணத் தெப்பக்குளத்தின் சுவரில் எறிந்த கல் எட்டுப் பக்கமும் பட்டு எறிந்தவரிடமே திரும்பும் என்பது ஊரார் கூற்று. 'தாரமங்கலத்துத் தூண் நீங்கலாக' என்று நிபந்தனை சொல்லியே பழைய ஸ்தபதிகள் வேலைக்கு இசைவார்களாம்.

1667-இல் மைசூர் மன்னர் தொட்ட தேவராஜர் ஓமலூரைக் கைப்பற்றியபின் கெட்டி முதலிகளின் வல்லமை குன்றியது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பிரதேசம் மைசூரிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியார் வசமாகி, அவர்களுடைய அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் நிர்வாகத்துக்கு உட்பட்டது.

வீட்டுக்குள் குழி தோண்டி, அதில் கால் தொங்கவிட்டு மிதித்து நெய்யும் குழித்தறியும், வெயில் ஏறுமுன் தெருநீளத்துக்குப் பாவு விரித்து இழை அறுந்த இடங்களைப் பிணைத்துச் செல்லும் குடும்பமும் இப்பகுதி நெசவாளர் தெருக்களில் நெடுங்காலம் கண்ட காட்சிகள். விசைத்தறி பின்னர் வந்தது. பேரூராட்சியாயிருந்த தாரமங்கலம் 2021-இல் நகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது.