கார் கூரைக் கண்ணாடி: உடையும் விதமும் அதன் வரலாறும்

கார் கூரைக் கண்ணாடி (சன்ரூஃப்) என்பது காரின் கூரையில் வெளிச்சத்துக்காகவும் காற்றுக்காகவும் பொருத்தப்படும் கண்ணாடிப் பலகை ஆகும். திறந்து மூடக்கூடிய சிறிய பலகை, கூரை முழுவதும் பரவிய பெரிய பலகை (பனோரமிக் சன்ரூஃப்) என இது பல வடிவங்களில் கிடைக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை டெம்பர்டு கண்ணாடியால் ஆனவை. சில லேமினேட்டட் கண்ணாடியால் ஆனவை. இரண்டும் பாதுகாப்புக் கண்ணாடி என்றே அழைக்கப்பட்டாலும் அவை சேதமடையும் விதம் நேர் எதிரானது. லேமினேட்டட் கண்ணாடி விரிசலை வெளியே காட்டும், ஆனால் கலையாமல் நிற்கும். டெம்பர்டு கண்ணாடி சேதத்தை வெளியே காட்டாமல் நின்று, ஒரே நொடியில் முழுவதும் பொடியாகும். கூரைக் கண்ணாடியின் சேதத்தைக் கண்டறிவதில் உள்ள சிரமம் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

ரூபர்ட் துளிகள்

டெம்பர்டு கண்ணாடியின் தத்துவம் கார்கள் தோன்றுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வேடிக்கைப் பொருளாக அறியப்பட்டிருந்தது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வாலுடன் கூடிய துளி உருவாகும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை விரலால் ஒடித்தால் துளி முழுவதும் தூளாகச் சிதறும். இளவரசர் ரூபர்ட் இத்துளிகளை 1660இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குக் காட்டினார். அதனால் இவை ரூபர்ட் துளிகள் எனப் பெயர் பெற்றன. இலண்டன் ராயல் சொசைட்டி இவற்றை ஆராய்ந்தது. ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' நூலில் இவற்றைப் பற்றி எழுதினார்.

தண்ணீரில் விழும் துளியின் மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர் மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்திலும் உட்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். அமுக்கத்தில் உள்ள மேற்பரப்பில் கீறல் பரவுவது கடினம். இழுவிசை உள்ள உட்பகுதியைக் கீறல் எட்டிவிட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. 1994இல் சந்திரசேகர், சௌத்ரி ஆகிய இரு ஆய்வாளர்கள் அதிவேக ஒளிப்படங்கள் மூலம், இத்துளிகளில் விரிசல் வினாடிக்கு ஏறத்தாழ 1,450 முதல் 1,900 மீட்டர் வேகத்தில் ஓடுவதைக் காட்டினர்.

டெம்பர்டு கண்ணாடியின் வளர்ச்சி

பிரான்சைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ரோயர் தெ லா பாஸ்தி, சூடான கண்ணாடியை எண்ணெய்க் குளியலில் திடீரெனக் குளிர்வித்து உறுதியாக்கும் முறைக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். இம்முறையில் செய்த பாத்திரங்கள் கீழே விழுந்தாலும் எளிதில் உடையவில்லை. ஆனால் யாரும் தொடாமலே அவை சில வேளைகளில் வெடித்தன என்ற புகார் அக்காலத்திலேயே எழுந்தது.

20ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சுவதே இன்றைய முறை. இவ்வாறு செய்த கண்ணாடி அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைவிடச் சுமார் நான்கு மடங்கு வலிமை பெறும். மேற்பரப்பின் அமுக்க அடுக்கு தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆழம் வரை செல்லும். உடையும்போது கத்திபோன்ற நீண்ட சில்லுகளுக்குப் பதிலாக மழுங்கிய சிறு துண்டுகள் உண்டாகும். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 43ஆம் விதிமுறை, உடைந்த டெம்பர்டு கண்ணாடியின் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது, இக்கண்ணாடி நன்றாகப் பொடியாவதே அதன் தேர்ச்சி.

லேமினேட்டட் கண்ணாடியின் வளர்ச்சி

பிரெஞ்சு ஓவியரும் வேதியியலாளருமான எடுவார் பெனெடிக்டசு 1903இல் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறவிட்டார் என்றும், அது நொறுங்கியும் வடிவம் கலையாமல் இருந்தது என்றும் சொல்லப்படுகிறது. குடுவையில் முன்பு இருந்த செல்லுலோசு நைட்ரேட்டுக் கரைசல் உலர்ந்து, உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருந்ததே காரணம். கார் விபத்துகளில் கண்ணாடியால் கிழிபட்டவர்களைப் பற்றிய செய்திகள் அவருக்கு அக்குடுவையை நினைவூட்டின. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டு வைத்து ஒட்டும் முறைக்கு 1909இல் அவர் காப்புரிமை கோரினார். முதல் உலகப் போரில் இக்கண்ணாடி நச்சுவாயு முகமூடிகளில் பயன்பட்டது. 1920களின் இறுதியில் ஃபோர்டு மாடல் ஏ காரின் முன்கண்ணாடியாக வந்தது. செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளானதால், 1930களில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற தெளிவான நெகிழிப் படலம் அதன் இடத்தைப் பிடித்தது.

இவ்வாறு முன்கண்ணாடிக்கு லேமினேட்டட், பக்கக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் டெம்பர்டு என்ற பிரிவினை உருவானது. பக்கக் கண்ணாடி டெம்பர்டாக இருந்ததில் ஒரு வசதி உண்டு. விபத்தில் சிக்கியவரை வெளியே எடுக்க அதை எளிதில் உடைக்கலாம். ஒவ்வொரு கண்ணாடியின் இயல்பும் அது பொருத்தப்பட்ட இடத்துக்கு ஏற்றதாக இருந்தது.

கண்ணாடி கூரைக்கு ஏறியது

தொடக்கக் காலக் கூரைத் திறப்புகளில் கண்ணாடி இல்லை. 1930களில் ஜெர்மனியின் வெபாஸ்டோ நிறுவனம் மடியும் துணிக் கூரைகளைச் செய்தது. அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1937இல் நகரும் உலோகப் பலகையைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. ஃபோர்டு 1954இல் ஸ்கைலைனர் காரின் முன்பாதிக் கூரையில் பச்சை நிற அக்ரிலிக் நெகிழியைப் பொருத்தியது. வெயிலில் கார் சூடேறியதும் அதைப் பலர் விரும்பாததற்கு ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் லிங்கன் கான்டினென்டல் மார்க் 4 காரில் நகரும் கண்ணாடிக் கூரை 'மூன்ரூஃப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

கூரைக்கும் டெம்பர்டு கண்ணாடியே போதும் என்று அமெரிக்க விதிமுறை அனுமதித்தது. பலகை ஒரு சாளரத்தின் அளவில் இருந்தவரை இது பெரிதாகப் பேசப்படவில்லை. 2000க்குப் பிறகு கண்ணாடி முன்இருக்கை முதல் பின்இருக்கை வரை நீண்டது. பலகை பெரிதாகி வளைந்தது. எடையைக் குறைக்கத் தடிமனைக் கூட்ட முடியவில்லை. பசை தெரியாமலிருக்கவும் வெயில் படாமலிருக்கவும் ஓரங்களில் கறுப்புச் செராமிக் பூச்சு அகலமாக அச்சிடப்பட்டது. இப்பூச்சு கண்ணாடியோடு சேர்த்துச் சூட்டில் உருக்கி ஒட்டப்படுவதால், அது உள்ள பகுதி பூச்சில்லாத பகுதியைவிட வலிமை குறைந்தது.

தானாக உடைதல்

மெல்போர்ன் நகரில் 1958இல் கட்டி முடிக்கப்பட்ட ஐசிஐ கட்டடத்தின் வெளிச்சுவர்க் கண்ணாடிகள் காரணமின்றி உடைந்து விழுந்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் பாலன்டைன் 1961இல் அதற்குக் காரணம் காட்டினார். கண்ணாடி உருகும்போது கலந்துவிடும் நிக்கல் சல்பைடு என்ற நுண்துகளே அது. 379 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒரு படிக வடிவில் இருக்கும் இத்துகள், விரைவாகக் குளிர்விக்கப்படும்போது அதே வடிவில் சிறைப்பட்டுவிடுகிறது. பின்னர் மாதங்களிலோ ஆண்டுகளிலோ மெல்ல மற்றொரு வடிவுக்கு மாறி 2 முதல் 4 சதவீதம் பருக்கிறது. அது இழுவிசைப் பகுதியில் இருந்தால் கண்ணாடி முழுவதும் உடையும். தயாரித்த கண்ணாடியைச் சுமார் 290 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, உடையக்கூடியதை ஆலையிலேயே உடையவிடும் சோதனை இதன் விளைவாகக் கட்டடத் துறையில் வந்தது.

கார் கூரையில் இதைவிடச் சாதாரணமான காரணங்களே மிகுதி. முன்செல்லும் லாரியிலிருந்து தெறித்த கல், பொருத்தும்போது ஓரத்தில் விழுந்த சிறு சிதைவு, சட்டகம் சரியாகப் பொருந்தாததால் ஏற்படும் அழுத்தம், மேடுபள்ளத்தில் கார் உடல் முறுகுவது ஆகியவை அவை. கல் பட்ட அன்றே கண்ணாடி உடைய வேண்டியதில்லை. அமுக்க அடுக்குக்குள் நின்றுவிட்ட கீறல், பின்னொரு நாள் வெப்பமாற்றத்திலோ குலுக்கலிலோ சற்று ஆழமானால் போதும். அதனாலேயே நிறுத்தியிருந்த காரில் 'தானாக வெடித்தது' என்று உரிமையாளருக்குத் தோன்றுகிறது.

புகார்களும் விசாரணைகளும்

2012இன் இறுதியில் ஹூண்டாய் நிறுவனம் சுமார் 13,500 வெலோஸ்டர் கார்களைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் பொருத்தும்போது கூரைக் கண்ணாடி பலவீனமடைந்திருக்கலாம் என்பது காரணம். அதே காலத்தில் ஆடி நிறுவனம், கடுங்குளிரில் கூரைக் கண்ணாடி உடையக்கூடும் என்று கியூ5 கார்களைத் திரும்ப அழைத்தது. 2013இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கியா சொரெண்டோ கார்களின் கூரைக் கண்ணாடி பற்றி விசாரணையைத் தொடங்கியது. தென்கொரிய அரசின் ஆய்வு நிலையம் செராமிக் அச்சுப் பகுதியின் வலிமைக்குறைவைச் சோதனைகளில் காட்டி, ஐ.நா. விதிமுறைக் குழுவின் முன் வைத்தது. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் கல் அடியையே காரணமாகக் கூறினர்.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2017இல் அரசுத் தரவுகளைத் தொகுத்தபோது, 1995 முதல் குறைந்தது 859 புகார்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் 71 சதவீதம் 2011க்குப் பிந்தையவை. கண்ணாடித் துகள்களால் ஏற்படும் வெட்டுக்காயம் மட்டுமே இதிலுள்ள ஆபத்து அன்று. திடீர் வெடிச்சத்தத்தால் ஓட்டுநர் நிலைதடுமாறலாம். கார் உருளும் விபத்தில் பொடியாகிவிட்ட கூரை, பயணி வெளியே வீசப்படும் வழியாகிவிடும். வெளியே வீசப்படுவதைத் தடுக்க 2011இல் அமெரிக்கா இறுதி செய்த விதிமுறை பக்கச் சாளரங்களையே கணக்கில் கொண்டது. கூரை அதில் சேரவில்லை.

சேதத்தைக் கண்டறிதல்

முதலில் கண்ணாடியின் வகையை அறிய வேண்டும். கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையில் 'டெம்பர்டு' அல்லது 'லேமினேட்டட்' என்ற சொல் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். ஓரம் வெளியே தெரிந்தால், லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு அடுக்குகளும் நடுவே ஒரு கோடும் தெரியும்.

லேமினேட்டட் கண்ணாடியில் விரிசல் கண்ணுக்குத் தெரியும். ஓரங்களில் பால்போன்ற வெண்மையோ குமிழிகளோ தோன்றினால் நடுப்படலம் பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிறிய கல்தடத்தைப் பிசின் நிரப்பிச் சரிசெய்ய முடியும். நீண்ட விரிசலுக்கு மாற்றுவதே வழி.

டெம்பர்டு கண்ணாடியில் 'விரிசல்' என்ற இடைநிலை இல்லை. தேட வேண்டியவை ஓரச் சிதைவு, நகம் மாட்டும் அளவுள்ள கீறல், கல் பட்ட குழி ஆகியவையே. குறிப்பாகக் கறுப்பு அச்சுள்ள ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இவற்றைப் பிசினால் நிரப்பிச் சரிசெய்ய முடியாது. ஆழமான தடம் இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே சரி. புதிதாகக் காற்று ஊளையிடுவதும், மூடும்போது பலகை ஒருபக்கம் தூக்கி நிற்பதும் சட்டகம் நகர்ந்ததைக் காட்டும். அது கண்ணாடியின் மேல் அழுத்தத்தை ஏற்றும். நீர் கசிவதை மட்டும் வைத்துக் கண்ணாடியைக் குறை சொல்லக் கூடாது. கூரையின் நான்கு மூலைகளிலும் உள்ள வடிகால் குழாய்கள் தூசியால் அடைபடுவதே பல நேரங்களில் காரணம்.

உடைந்தபின் செய்ய வேண்டியவை

ஓடும்போது உடைந்தால் வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டும். உள்ளே இழுதிரை இருந்தால் அதை மூடலாம். கூரையைத் திறக்கும் பொத்தானைத் தொடக் கூடாது. பலகை நகர்ந்தால் துண்டுகள் தண்டவாளங்களுக்குள் விழுந்து மோட்டாரைக் கெடுக்கும். கண்ணாடி நொறுங்கியும் சட்டகத்தில் நின்றால், அதை உள்ளிருந்து தட்டாமல் வெளிப்புறம் ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டி, குறைந்த வேகத்தில் பணிமனைக்குக் கொண்டுசெல்லலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே துண்டுகளை அகற்ற வேண்டும். இருக்கை இடுக்குகளையும் குளிர்சாதனக் காற்றுத் துளைகளையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாமல் குளிர்சாதனத்தை இயக்கினால் துகள் முகத்தில் வீசும். துடைப்பதற்கு முன் முத்திரை, உடைவின் மையம், சட்டக ஓரம் ஆகியவற்றைப் படம் எடுத்து வைப்பது காப்பீட்டுக்கும் உத்தரவாதக் கோரிக்கைக்கும் உதவும். கல் அடியா, குறைபாடா என்ற வழக்கில் துண்டுகளே சாட்சி.

இந்தியாவில்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதி கார்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்குகிறது. முன்கண்ணாடி லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும். வழக்கமான முழுமைக் காப்பீட்டில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. ஆயினும் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டின் 'நோ கிளெய்ம்' தள்ளுபடி பாதிக்கப்படலாம். வெயிலில் கொதித்த கூரையில் தண்ணீர் ஊற்றுவதால் மட்டும் நல்ல டெம்பர்டு கண்ணாடி உடையாது. ஓரத்தில் ஏற்கெனவே சிதைவு உள்ள கண்ணாடிக்கு அந்த உறுதியைத் தர முடியாது.

இன்று சில உற்பத்தியாளர்கள் கூரைக்கு லேமினேட்டட் கண்ணாடியைப் பொருத்துகின்றனர். அதற்கு விலை கூடுதல். ஆனால் அது உடைந்தாலும் தலைக்கு மேல் நிற்கும், உடையப்போவதையும் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டும். கார் வாங்குபவர் கூரையின் பரப்பைக் கேட்பதோடு மூலையில் உள்ள முத்திரையையும் படிப்பது நல்லது.